காலிக் குடோனைப் பார்த்து நான் எழுதிய அறிக்கை

கடன் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச எனக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். ஓ.டி. என்று நாம் சொல்லும் ஓவர்டிராஃப்ட் கணக்கு எப்படி நடக்கிறது, வங்கி அதை எப்போது திரும்பப் பெறலாம் என்பதுதான் தலைப்பு. விதிகளைச் சொல்லி முடித்து, என் சொந்தக் கதை ஒன்றை ஆரம்பிக்கும் நேரத்தில் மதியச் சாப்பாடு வந்துவிட்டது. சாம்பார் சாதத்தோடு போட்டி போட்டு ஜெயித்த பேச்சாளர் இதுவரை யாரும் இல்லை. அதனால் மிச்சத்தை எழுதித் தருகிறேன். சாப்பிட்டுவிட்டே படியுங்கள்.

முதலில் ஓ.டி. என்றால் என்ன என்பதை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், இந்தத் தடவை புத்தகத்திலிருந்து இல்லை. மல்லாங்கிணற்றில் மளிகைக் கடை நடத்தும் ஒரு அம்மா என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தன் வீட்டுக்காரருக்கு விளக்கினார். "கடன்னா லாரித் தண்ணி மாதிரிங்க. மொத்தமா கொண்டாந்து தொட்டியில ஊத்திட்டுப் போயிருவாக. நமக்கு வேணுமோ வேண்டாமோ, அம்புட்டுக்கும் காசு. ஓ.டி.ங்கிறது பக்கத்து வீட்டு மோட்டாரு. எம்புட்டு எடுக்கோமோ அம்புட்டுக்குத்தான் காசு. ஆனா சுவிச்சு அவுக வீட்டுக்குள்ள இருக்கு. அத மறந்துட்டு நீங்க பாட்டுக்கு வாழத்தோட்டம் போட்டுறாதீக."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "அப்படியா மேடம்?" என்றார். அப்படியேதான் என்றேன். முப்பத்து நான்கு வருட வேலையில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எடுத்த பணத்துக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. போட்டால் குறையும், எடுத்தால் கூடும். வரம்பு அறுபது லட்சம் என்றால் அதுவரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வரம்புக்குக் கீழே இன்னொரு கூரை இருக்கிறது. கையில் இருக்கும் சரக்கின் மதிப்பைப் பொறுத்து மாதாமாதம் ஏறி இறங்கும் கூரை அது. சரக்கு குறைந்தால் கூரையும் இறங்கும், தலை இடிக்கும். சரக்கை வைத்துக் கொடுக்கும் இந்த வசதிக்கு நம் சுற்றறிக்கைகளில் வேறு பெயர் உண்டு. ஊருக்குள் எல்லாமே ஓ.டி.தான், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

சுவிட்சு விஷயமும் உண்மை. கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய பணம் என்று அனுமதிக் கடிதத்திலேயே அச்சடித்திருக்கிறோம். இன்னும் எடுக்காத பாக்கி வரம்பையும் நாம் நிறுத்தலாம். வாடிக்கையாளர்கள் அந்த வரியைப் படிப்பதே இல்லை. நாம் அதை மட்டும்தான் படிக்கிறோம்.

எப்போது அந்தச் சுவிட்சில் கை வைக்கலாம்? கணக்கில் மாதக்கணக்காகப் பணம் வரவே இல்லையென்றால். சரக்குப் பட்டியல் தராமல் இழுத்தடித்தால். கம்பெனிக்குக் கொடுத்த பணம் கல்யாண மண்டபம் கட்டப் போய்விட்டால். காட்டிய சரக்கு காட்டிய இடத்தில் இல்லையென்றால். இவ்வளவும் உங்கள் பாடத்தில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னேனே, சரக்கு இல்லையென்றால் என்று, அதில்தான் நான் வழுக்கினேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆமத்தூர். கிளார்க்காகச் சேர்ந்து, தபாலில் படித்து, தேர்வெழுதி அதிகாரியானவள். கணக்கு வழக்கு எல்லாம் எதிரில் உட்கார்ந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றது. ஆனால் அதிகாரியான பிறகு பெரும்பகுதி தஞ்சாவூர்ப் பக்கம், அரிசி மில் கணக்குகள். மில்லில் குடோன் காலி என்றால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அந்தக் கண்ணோடு, ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது சிவகாசிப் பக்கம் ஒரு கிளைக்குக் கடன் மேலாளராக வந்தேன். சொந்த ஊர்க்காரி, எனக்குத் தெரியாத பட்டாசா என்ற நினைப்பு வேறு. வெடித்தது தெரியும். விற்பது எப்படி என்று தெரியாது.

வந்த வருடம், புரட்டாசிக் கடைசியில், சரக்கு ஆய்வுக்காகத் திருத்தங்கலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பட்டாசு ஆலைக்குப் போனேன். முதலாளி பெயர் செல்வமணி. எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நூற்றிருபது பேர் வேலை செய்யும் கம்பெனி. அண்ணாச்சி அன்றைக்கு அங்கே இல்லை. தீப்பொறி பயத்துக்காக வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, போர்மேன் என்னைச் சரக்குக் குடோனுக்குக் கூட்டிப்போனார். ஆவணியில் நான் பார்த்தபோது கூரை முட்ட அட்டைப்பெட்டி அடுக்கியிருந்த இடம். கதவைத் திறந்தால் மூலையில் இருபது பெட்டி, ஒரு கட்டுச் சாக்கு, ஒரு பல்லி.

"சரக்கெல்லாம் எங்கே?" என்றேன்.

"அம்புட்டும் போயிருச்சு மேடம்" என்று சிரித்தார் போர்மேன்.

"எங்கே போச்சு?"

"வடக்க."

"யாருக்கு?"

"அது அண்ணாச்சிக்குத்தான் தெரியும். எங்களுக்கு லாரிய நிறுத்தி ஏத்துறதோட சரி."

அவர் பெருமையாகச் சிரித்தார். நான் அதை மழுப்பல் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். கிளைக்குத் திரும்பியதும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "சரக்கு நல்ல எடத்துலதான் மேடம் இருக்கு, கவலப்படாதீக" என்றார். எந்த இடம் என்று கேட்டால் பேச்சை மாற்றினார், ஆமத்தூரில் மழை உண்டா என்றார்.

கணக்கைப் பார்த்தேன். ஐந்து வாரமாக ஒரு ரூபாய் வரவு இல்லை. அறுபது லட்சம் வரம்பில் நாற்பத்து நான்கு எடுத்திருந்தார். குடோனில் இருந்த சரக்குக்குக் கூரை நான்கு லட்சத்தைத் தாண்டாது. அதற்கு முந்தின மாதம்தான் வேறொரு மாவட்டத்தில் ஒரு கடனாளி, சரக்கை ராவோடு ராவாக விற்றுவிட்டு ஊரைவிட்டே போயிருந்தார். அந்தக் கடனைக் கொடுத்த அதிகாரியிடம் விளக்கம் கேட்டு வந்த கடிதத்தின் நகல் எங்கள் எல்லோர் மேசைக்கும் வந்திருந்தது. பயத்தில் எழுதும்போது கை வேகமாக ஓடும், பிள்ளைகளே. அன்றைக்கே மண்டல அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினேன்: அந்த வாரம் நான் பார்த்த ஐந்து ஆலைகளில் இந்தக் கம்பெனியோடு சேர்த்து நான்கில் குடோன் காலி, ஓ.டி.யைத் திரும்பப் பெறப் பரிந்துரைக்கிறேன். ஐந்தாவது ஆலையில் குடோன் நிறையச் சரக்கு இருந்தது. அதற்கு "மிகத் திருப்தி" என்று எழுதினேன்.

மறுநாளே உத்தரவு வந்தது. முதலில் செல்வமணி கணக்கு. பாக்கி வரம்பை நிறுத்து, எடுத்ததைத் திருப்பிக் கேள்.

கடிதத்தை அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கூரியரில் அனுப்பியிருந்தால் என் வேலை முடிந்தது. அனுப்பவில்லை. நான் கிளார்க்காக இருந்த காலத்தில் ஒரு மேனேஜர் இருந்தார். கறாரான மனிதர், யாரும் அவரை அதிகம் விரும்பியதில்லை. ஓ.டி.யை நிறுத்தும் கடிதத்தை மட்டும் அவர் தபாலில் போடவே மாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே கொண்டுபோய்க் கொடுப்பார். ஏன் சார் என்று கேட்டதற்கு, "அந்தாளு மூஞ்சியப் பாக்காம குடுத்தா, நாம தப்புப் பண்ணியிருந்தாலும் நமக்குத் தெரியாமப் போயிரும்" என்றார். அதற்காகத்தான், வியாழக்கிழமை காலை, கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறித் திருத்தங்கலில் இறங்கினேன்.

அண்ணாச்சியின் ஆபீஸ் ஒரு அச்சகத்துக்கு மாடியில். கீழே மெஷின் ஓட ஓட மேலே மேசை அதிரும். அறுபது வயது மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பழுப்பு உறைகளில் ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். மேசையில் எழுதி முடித்த உறைகள் இரண்டு அடுக்கு.

"வாங்க மேடம், வாங்க. சாப்பிட்டீகளா? ஒரு நிமிசம், இந்தப் பேர மட்டும் முடிச்சுக்கிறேன். ரெண்டு முத்துலச்சுமி இருக்காக, மாத்திக் குடுத்துட்டா பொங்கல் வரைக்கும் என்னைய விட மாட்டாக."

"என்ன உறை அண்ணாச்சி?"

"போனஸ். சனிக்கிழம குடுக்கணும். நாளைக்கு உங்க பேங்க்ல பதினஞ்சு லச்சம் எடுக்கணும், அதுக்குத்தான் வந்திருக்கீகன்னு நெனச்சேன்."

கைப்பையைத் திறந்து கடிதத்தைப் பாதி வெளியே எடுத்தேன். உறையில் எங்கள் வங்கியின் முத்திரையைப் பார்த்ததும் அவர் பேனாவை மூடினார்.

"நிறுத்திட்டீகளா?" என்றார்.

"குடோன் காலி அண்ணாச்சி. அஞ்சு வாரமா வரவு இல்ல. மேல இருந்து உத்தரவு."

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்திருப்பேன். அவரோ என்னையே பார்த்தார். "மேடம், நீங்க ஆமத்தூர்க்காரகதான? தீவாளிக்கு மூணு வாரம் இருக்கு. இப்ப என் குடோன் நெறஞ்சு கெடந்தா நான் உக்காந்து பேரெழுதிக்கிட்டிருப்பேனா, தூக்குக் கவுறு தேடிக்கிட்டிருப்பேனா?"

பிறகு பொறுமையாகச் சொன்னார். உள்ளூர்க் கடைக்காரர்களுக்குச் செய்பவர்களிடம் கடைசி வாரம் வரை சரக்கு இருக்கும். இவர் முழுக்க வடக்கே அனுப்புகிறவர். லாரி அங்கே போய்ச் சேர ஒரு வாரம், அங்கிருந்து சின்ன ஊர்களுக்குப் பிரிந்து போக இரண்டு வாரம். அதனால் புரட்டாசி முடிவதற்குள் பெட்டி பூராவும் போயாக வேண்டும். போனால் நல்ல சீசன். பணம் தீபாவளி முடிந்துதான் வரும். ஆகவே வருடத்திலேயே அவர் மிக நன்றாக விற்றிருக்கும் வாரத்தில்தான் குடோனும் காலி, கணக்கும் வறட்சி. அந்த வாரத்தில்தான் நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

"சனிக்கிழம குடுக்கலேன்னா?" என்றேன்.

"வேலையாளுக தீவாளிய விடுங்க. அதுவே பாவம். தீவாளி முடிஞ்சு கம்பெனி தொறக்கும்போது எந்தக் கம்பெனி வேன்ல ஏறணும்னு அவுக இந்தச் சனிக்கிழமதான் முடிவு பண்ணுவாக. போனஸ் குடுக்காத கம்பெனிக்கு கார்த்திகையில பூட்டத் தொறக்கக்கூட ஆளு வராது. ஆளு இல்லேன்னா ஆர்டர் இல்ல. ஆர்டர் இல்லேன்னா உங்க நாப்பத்துநாலு லச்சத்த நீங்க எங்கிட்டு இருந்து எடுப்பீக?"

அதாவது, கடனைக் காப்பாற்ற நான் கொண்டுபோன கடிதம்தான் கடனை மூழ்கடிக்கப் போகிற கடிதம்.

"விற்ற பில் இருக்கா அண்ணாச்சி?"

இழுப்பறையிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். லாரி ரசீது, பில், எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாகக் காட்டினார். காட்டும்போதெல்லாம் ஒரு இடத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டார். நான் தாளைப் பிடித்து இழுக்க, அவர் விரலை எடுக்காமல் நகர்த்த, கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மல்லுக்கட்டினோம்.

"விரல எடுங்க அண்ணாச்சி."

"தொகையப் பாருங்க. தேதியப் பாருங்க. ஏவாரி பேரு எதுக்கு?"

"பேர் இல்லாம யாரிடம் பணம் வரும்னு எழுதுறது?"

"வடக்கேருந்து வரும்னு எழுதுங்க."

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. கையோடு கொண்டுபோயிருந்த கோப்பில் அவருடைய அனுமதிக் கடிதத்தைப் புரட்டினேன். நாங்களே எழுதிக் கொடுத்த நான்காம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது: குடோனில் இருக்கும் சரக்கு மட்டுமல்ல, விற்றுத் தொண்ணூறு நாளுக்குள் வர வேண்டிய பணத்தையும் கூரைக்குக் கணக்கில் எடுக்கலாம், வாங்கியவர்கள் பட்டியலைக் கொடுத்தால். அறிக்கை எழுதும்முன் அந்தப் பக்கத்தை நான் திருப்பவில்லை. அவரோ எட்டு வருடமாக அந்தப் பட்டியலைக் கொடுத்ததே இல்லை.

"ஏன் தரல?"

"ஒம்பது வருசத்துக்கு முன்னாடி ஒரு ஏவாரி பேர ஒரு கல்யாண வீட்டுல வாய்தவறிச் சொல்லிட்டேன். மறுவருசம் அவரு என் பங்காளிகிட்ட சரக்கு எடுத்தாரு. அந்தப் பங்காளிக்கும் உங்க பேங்க்லதான் கணக்கு. வாரத்துக்கு நாலு நாளு உங்க மேசைக்கு எதிர உக்காந்து டீ குடிக்கான். அங்கன கொண்டாந்து என் ஏவாரி லிஸ்ட்ட வைக்கச் சொல்லுதீகளே. என் வீட்டுக்காரிக்கே அந்தப் பேரெல்லாம் தெரியாது மேடம்."

பிள்ளைகளே, இந்த ஊரில் வியாபாரி தன் நகையைக் காட்டுவான், நிலப் பத்திரத்தைக் காட்டுவான், வாங்குகிறவன் பெயரைக் காட்ட மாட்டான். நாம் "தகவல் தரவில்லை" என்று எழுதி, அதை ஏமாற்று வேலையின் அடையாளமாக வைத்துக்கொள்கிறோம். அவனுக்கு அது கல்லாப்பெட்டியின் சாவி.

நான் கேட்டேன்: பட்டியலை இங்கேயே, இந்த மேசையிலேயே நான் என் கையால் எழுதிக்கொள்கிறேன். உறையில் போட்டு ஒட்டி உங்கள் பத்திரங்களோடு லாக்கரில் வைக்கிறேன். என்னையும் மண்டல மேலாளரையும் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள். சம்மதமா?

கீழே மெஷின் நின்று, மறுபடி ஓடியது. அண்ணாச்சி விரலை எடுத்தார்.

பதினொரு பெயர்கள். எழுதி முடித்ததும் எனக்கு இன்னொரு சங்கடம். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. சரக்கு போனதுக்கு லாரி ரசீது சாட்சி. பணம் வரும்னு யார் சாட்சி? மண்டல மேலாளர் அதைத்தான் கேப்பார். சிவகாசிக்காரங்களுக்கு பில் அடிக்கிறதா கஷ்டம்னு சிரிப்பார்."

"அதுக்கு?"

"இந்தப் பதினொண்ணுல ஒருத்தர்ட்ட போன் பண்ணி, கொஞ்சம் இப்பவே அனுப்பச் சொல்லுங்க."

அப்போதுதான் மனிதருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கடிதத்தைப் பார்த்தபோது வராத கோபம். "தீவாளிக்கு முன்னாடியா? ஏவாரிட்ட? நீ ஓடிப்போயிருவ, அதுக்கு முன்னாடி காசக் குடுன்னு சொல்ற மாதிரி மேடம் அது. எங்க அப்பா காலத்துலேருந்து ஒருத்தரும் கேட்டதில்ல."

மேசையில் உறைகள் இருந்தன, அவர் அவற்றைப் பார்த்தார். கடைசியில் போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். கான்பூர் வியாபாரி ஒருவருக்கு.

"குப்தாஜி, ராம் ராம். ஹாங் ஜி. சப் டீக். மால் மில்கயா? அச்சா, அச்சா." சரக்கு வந்து சேர்ந்துவிட்டதாம். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜி… தோடா பைசா சாஹியே. அபி." கொஞ்சம் பணம் வேண்டும், இப்போதே என்கிறார்.

அந்தப் பக்கத்திலிருந்து படபடவென்று இந்தி. பயிற்சி மையத்தில் படித்த இந்தியை வைத்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரியா? ஆலையில் ஏதும் விபத்தா? அந்த மனிதர் பதறிப்போய்விட்டார். அண்ணாச்சி, "நஹி நஹி, ஆஸ்பத்திரி நஹி. பேங்க். பேங்க் மேடம் சாம்னே பைட்டா" என்று, எதிரில் உட்கார்ந்திருந்த என்னைச் சுட்டிக்காட்டினார், போனில் அது தெரியும் என்பது போல.

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. பதினாறு வருடமாகச் சரக்கு எடுக்கிறேன், ஒரு தடவையாவது நீ என்னிடம் எதையாவது கேட்க மாட்டாயா என்றிருந்தேன், கணக்கு எண்ணை அனுப்பு என்றார் குப்தா.

நாற்பது நிமிடத்தில் எட்டு லட்சம் வந்தது. என் கிளையிலிருந்து உறுதி செய்து போன் வந்ததும் அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார். தன் போனை மேசையில் வைத்துவிட்டு, என் போனை என் பக்கம் நகர்த்தினார்.

"நான் என் போனப் போட்டுட்டேன். இப்ப உங்க போனு, மேடம்."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, மண்டல மேலாளருக்குப் போட்டேன். "சார், செல்வமணி கணக்கு. என் அறிக்கை தப்பு சார்." இந்த ஏழு வார்த்தையைச் சொல்ல எனக்கும் வேட்டி நுனி தேவைப்பட்டது, சேலை நுனி கிடைத்தது. சரக்கு எங்கே இருக்கிறது, நான்காம் பக்கத்தில் என்ன இருக்கிறது, எட்டு லட்சம் எப்படி வந்தது, எல்லாம் சொன்னேன்.

அவர் கேட்டது ஒன்றுதான்: "கடிதம் குடுத்துட்டீங்களா?"

"இல்ல சார். பாதி பையில இருக்கு."

"பாதியா?"

"மீதி வெளிய தெரியுது சார்."

அவர் சிரித்தாரா இருமினாரா என்று இன்றுவரை தெரியாது. பட்டியலையும் பில்களையும் வைத்துக் கூரையைத் திரும்பக் கணக்கிட்டு மதியத்துக்குள் அனுப்பச் சொன்னார். பதினைந்து லட்சத்துக்கு அனுமதி தந்தார். தீபாவளி முடிந்து ஒரு மாதத்தில் பதினொரு பேரின் பணமும் இதே கணக்குக்குத்தான் வர வேண்டும், வராவிட்டால் அதே கடிதம் என்றார். நியாயம். பிறகு, "இன்னும் மூணு காலிக் குடோன் எழுதியிருக்கீங்கள்ல? போய்ப் பாருங்க. திருத்தி, எழுத்துல அனுப்புங்க" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் பூராவும் அலைந்தேன். மூன்றில் இரண்டு ஆலைகளின் சரக்கு வடக்கே போயிருந்தது, ரசீதும் இருந்தது. மூன்றாவதில் சரக்கும் இல்லை, ரசீதும் இல்லை. எடுத்த பணத்தில் அதன் முதலாளி புறவழிச் சாலைப் பக்கம் இடம் வாங்கியிருந்தார். அங்கே, மண்டல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, ஓ.டி.யை நிறுத்தும் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். கொடுக்க வேண்டிய இடம் அது. கேள்வி கேட்டபின் கொடுத்த கடிதம் என்பதால் அவரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். கடைசியாக, "மிகத் திருப்தி" என்று நான் எழுதிய ஆலைக்குப் போனேன். குடோன் இன்னும் அப்படியே நிறைந்திருந்தது. அதன் முதலாளியும் வடக்கே அனுப்புகிறவர்தான். ஒரு பெட்டிகூடப் போகவில்லை. நான்கு நாளாக யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். வங்கியில் சொன்னால் நிறுத்திவிடுவோம் என்ற பயம். உள்ளூர்க் கடைக்காரர்களுக்கு விலை குறைத்துத் தள்ளிவிட இன்னும் மூன்று வாரம் இருந்தது. உட்கார்ந்து பேசினோம். பாதிக்கு மேல் தள்ளிவிட்டார். மறுவருடம் பிழைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் போனஸ். அண்ணாச்சி என்னையும் வரச் சொல்லியிருந்தார். உறையை என் கையால் கொடுக்கச் சொன்னார், மாட்டேன் என்றேன். அது அவர் எழுதிய பெயர்கள். ஆலைக்கு வெளியே, வேன் நிற்கும் இடத்தில் ஒரு பந்தல் போட்டு, எல்லோருக்கும் லட்டும் மிக்சரும். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உறை வாங்கிய ஒரு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் பொன்னுத்தாய், சின்ன மகளுக்கு நர்சிங் கல்லூரியில் கட்ட வேண்டியது அந்த உறைக்குள் இருக்கிறது என்று தானாகவே சொன்னார்.

"நீங்க யாரு, அண்ணாச்சிக்குச் சொந்தமா?"

"இல்லக்கா. பேங்க்."

"பேங்க்கா!" என்று குரலைத் தாழ்த்தினார். "இந்த வருசம் போனஸ் இல்லன்னு வேன்ல ஒரே பேச்சு. மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. எவளோ ஒரு பேங்க்காரி வந்து வெறுங் குடோனப் பாத்துட்டு, கம்பெனி படுத்துருச்சுன்னு எழுதிட்டாளாமே. அவளத் தெரியுமா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியும்க்கா. நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பந்தல் அதிர ஒரு சிரிப்பு. "ஏ பாண்டியம்மா, இங்கன வாடி! அந்தப் பேங்க்காரி இங்கனதான் மிச்சரு தின்னுக்கிட்டிருக்கா!"

ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அடி விழுமோ என்று நினைத்தேன், இன்னொரு லட்டு விழுந்தது. பொன்னுத்தாய் தன் இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்துக்கு நேரே விரித்தார். மணிக்கட்டு வரை வெள்ளி. அலுமினியப் பொடி, ரேகைக்குள் ஏறி மினுங்கியது.

"பாத்துக்கோங்க மேடம். வேல நடந்தாத்தான் இது இருக்கும். எம்புட்டு சோப்புப் போட்டாலும் ரெண்டு நாளைக்குப் போகாது. கம்பெனி படுத்தா மொதல்ல வெளுக்கிறது எங்க கைதான். அடுத்த வருசம் வந்தீகன்னா, குடோன் பூட்டத் தொறக்கச் சொல்றதுக்கு முன்னாடி வேனுகிட்ட நின்னு எங்க கையப் பாருங்க. பெறகு எழுதுங்க, என்ன வேணாலும் எழுதுங்க."

சொல்லிவிட்டு, மறக்காமல் இருக்க என்பது போல, என் வலது கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். வேன் வந்தது. எல்லோரும் உறையை இடுப்பில் செருகிக்கொண்டு, இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டே ஏறினார்கள்.

அடுத்த இரண்டு வருடமும், ஓய்வு பெறும்வரை, ஆய்வுக்குப் போகும் நாட்களில் எட்டு மணிக்கே அந்த வேன் நிற்கும் இடத்தில் நின்றேன். நீங்களும் எங்கேயாவது போய் நில்லுங்கள். உங்கள் கணக்குக்காரர்களின் வேன் எது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

போனஸ் முடிந்த அந்தத் திங்கட்கிழமை காலை முதல் வேலையாக, திருத்திய அறிக்கையை மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினேன். "என் முந்தைய அறிக்கை தவறானது" என்று தொடங்கும் இரண்டு பக்கம். கையெழுத்துப் போடும்போது பார்த்தேன், கட்டைவிரல் நகக்கண்ணில் வெள்ளி இன்னும் போகவில்லை.